ரிங் போகுது... எடுக்கல!

காலை எட்டு மணி. கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் ஏற்றி நிறுத்திய ஃபைபர் போட்டுகளில் உட்கார்ந்து, வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். மீன் விற்கும் அக்கா ஒருவர் கடலில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டபடி இருந்தார். நாலாவது முறையும் அவர் எடுக்கவில்லை. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"நாட் ரீச்சபிள்னா இன்னும் ஆழத்துல இருக்காரு. ரிங் போச்சுன்னா கரைக்குக் கிட்ட வந்துட்டாருன்னு அர்த்தம். சுவிட்ச் ஆஃப்னு வந்தா சார்ஜ் போயிருக்கும், இல்ல தண்ணி பட்டிருக்கும். முழுசா ரிங் போயி எடுக்கலைன்னா..." என்று நிறுத்தி, கையிலிருந்த சங்கராவை வாளித் தண்ணீரில் ஒரு அலசு அலசினார். "கையில வலை இருக்கும் தம்பி."

வராத பதிலை நாலு தினுசாகப் பிரித்து வைத்திருக்கிறார். நான் பத்து வருஷம் பார்த்த வேலையில் இந்தப் பிரிவினை தெரியாமல்தான் ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்கையே நாசம் செய்தேன். அந்த வேலைக்குப் பெயர் சிஸ்டம் அட்மின். அந்தக் கதைக்குப் போவதற்குமுன், வெர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

பெரிய வீட்டை நாலு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுவதுபோல, ஒரு பெரிய சர்வரைத் தடுத்துப் பல கம்ப்யூட்டர்களாக்குவதுதான் வெர்ச்சுவல் மெஷின். தனி கம்ப்யூட்டரில் இருப்பதாகத்தான் ஒவ்வொரு குடித்தனமும் நினைத்துக்கொள்ளும். தடுப்புச் சுவரை எழுப்பிப் பார்த்துக்கொள்வது ஹைப்பர்வைசர். வீட்டுக்காரரின் ஏஜென்ட் மாதிரி இன்னொரு மென்பொருள் உண்டு: மேலாண்மை மென்பொருள். இந்த மெஷினை எழுப்பு, அதை நிறுத்து, இதற்கு மெமரி கூட்டு என்று எதைச் சொல்வதானாலும் அதனிடம்தான் சொல்ல வேண்டும். சொல்கிற முறைக்குப் பெயர் ஏபிஐ. நீங்கள் போனில் எதையாவது தட்டும்போது, எங்கோ ஒரு மெஷினைப் பற்றி எங்கோ ஒரு ஏபிஐ அழைப்பு போய்க்கொண்டுதான் இருக்கும்.

அந்த அழைப்புக்குப் பதில் வராவிட்டால்?

அக்காவின் பட்டியல் இங்கேயும் பொருந்தும். எதிர்முனை சர்வர் இருக்கிறது, ஆனால் கேட்க வேண்டிய நிரல் ஓடவில்லை என்றால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்துவிடும். அது சுவிட்ச் ஆஃப். வழியே அறுந்திருந்தால் நாட் ரீச்சபிள். இரண்டும் நல்ல செய்திகள் என்பேன், நிலைமை என்னவென்றாவது தெரிகிறதே. மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். இணைப்பு கிடைக்கிறது, கேள்வி உள்ளே போகிறது, பதில் மட்டும் வருவதில்லை. கர்சர் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

லினக்ஸ் உலகில் இந்த ஏஜென்ட் வேலையைச் செய்வதில் பெயர் பெற்றது லிப்விர்ட். 2005-ல் ரெட் ஹாட் நிறுவனத்தில் தொடங்கியது. ஒவ்வொரு வெர்ச்சுவல் மெஷினுக்கும் அது ஒரு வேலைப் பூட்டு வைத்திருக்கும். ஒருவர் அந்த மெஷினிடம் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் உள்ளே புகுந்து குழப்பக் கூடாது என்பதற்காக. நியாயமான ஏற்பாடுதான். முதல் ஆள் உள்ளே போய், மெஷினை ஓட்டும் க்யூ-ஈமுவிடம் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறார். அந்தக் கேள்விக்குக் கால வரம்பு கிடையாது. பதில் வராவிட்டால் யுகம் யுகமாக நிற்பார். பின்னால் வருகிற இரண்டாம் ஆள் பூட்டுக்காக 30 நொடி காத்திருந்து, 'நிலை மாற்றும் பூட்டு கிடைக்கவில்லை' என்ற பிழைச் செய்தியோடு திரும்புவார். தப்பு செய்தவர் முதல் ஆள். திரையில் திட்டு வாங்குவது வரிசையில் இரண்டாவதாக நின்றவர். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் தவறான ஆளைப் பிடித்து விசாரித்த அட்மின்கள் ஏராளம். நானும்தான்.

ஏஜென்ட் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளவும் லிப்விர்ட்டில் வழி உண்டு. 5 நொடிக்கொரு தரம் 'இருக்கியா?' என்று கேட்கும். தொடர்ந்து பதில் இல்லாமல் 30 நொடி ஆனால் இணைப்பை வெட்டிவிடும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது வாசலில் இருக்கும் வாட்ச்மேன். உள்ளே முதலாளி மயங்கிக் கிடந்தாலும் வாட்ச்மேன் 'இருக்கோம் சார்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாடித் துடிப்பு சரியாக இருக்கிறது, வேலை மட்டும் நடக்காது.

செத்தவன் திரும்பி வந்தான்

என் கதை 2014-ல் நடந்தது. கடலூரில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம், பாவம். இரண்டு சர்வர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. கணக்கு மென்பொருள் ஓடும் வெர்ச்சுவல் மெஷின் முதல் சர்வரில் இருந்தது. மாதக் கடைசி, ராத்திரி பதினொன்றரை. கணக்குப்பிரிவு சார் போன் செய்து, "தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு" என்றார்.

முதல் சர்வருக்குள் போனேன். மற்ற மெஷின்களைப் பற்றிக் கேட்டால் டாண் டாண் என்று பதில் வருகிறது. இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் சத்தமே இல்லை. 'ஷட்டவுன்' கொடுத்தேன். உடனே 'சொல்லியாச்சு' என்றது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். ஷட்டவுன் என்பது உள்ளே இருப்பவரிடம் 'கொஞ்சம் கிளம்புறீங்களா' என்று கேட்பது மட்டும்தான். கேட்டாயிற்று என்பதற்குத்தான் அந்தப் பதில், அவர் கிளம்பிவிட்டார் என்பதற்கு இல்லை. அவர் கிளம்பவில்லை. அடுத்தது 'டெஸ்ட்ராய்'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பிளக்கைப் பிடுங்குவதுதான் அது. அதுவும் தொங்கியது. கடைசியில், லினக்ஸில் யமனுக்கே உத்தரவு போடுவதாக நாங்கள் நம்புகிற 'கில் மைனஸ் நைன்'. அதற்கும் அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் இருந்தது. ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போகும் வழியில் ஒரு ஸ்விட்ச் மக்கர் செய்திருக்கிறது. டிஸ்க்கில் எழுதக் கொடுத்த தகவல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் அந்த மெஷினை ஓட்டும் நிரல் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் உறைந்து நின்றுவிட்டது. 'டி' நிலை என்பார்கள். அந்த நிலையில் இருக்கும் நிரலை யாரும் கொல்ல முடியாது, எழுப்பவும் முடியாது. ஸ்டோரேஜை எப்போதும் விடாப்பிடியாகக் காத்திருக்கும் முறையில்தான் இணைத்திருந்தோம், பாதுகாப்பு என்று நினைத்து.

இதெல்லாம் மறுநாள் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கூப்பிட்டேன், பதில் இல்லை, ஆள் காலி. இரண்டாவது சர்வருக்குப் போய், அதே டிஸ்க்கை வைத்து அந்த மெஷினை எழுப்பினேன். ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டது. கணக்குப்பிரிவு சார், "வந்துருச்சு தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்றார். டீ குடிக்கக் கீழே போனேன்.

நாற்பது நிமிஷம் கழித்து ஸ்விட்ச் தானாகச் சரியானது. முதல் சர்வரில் உறைந்து நின்ற மெஷின், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியது. அதற்கு நேரம் போனதே தெரியாது. அதே டிஸ்க்கில், அதே நேரத்தில், இரண்டாவது மெஷினும் எழுதிக்கொண்டிருந்தது. ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவர் இருப்பது ஒருவருக்குத் தெரியாமல் எழுதினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. காலையில் திறந்தால் ஃபைல் சிஸ்டம் கந்தல். பேக்கப் நாலு நாள் பழசு.

பின்னாளில், 2017-ல் வந்த க்யூ-ஈமு 2.10 பதிப்பிலிருந்து, ஒரு டிஸ்க் கோப்பை ஒரு மெஷின் பிடித்திருந்தால் இன்னொன்று திறக்க முடியாதபடி பூட்டு இயல்பாகவே வந்துவிட்டது. எனக்குத்தான் மூன்று வருஷம் லேட்.

பதில் வராத மெஷினை வேறு இடத்தில் எழுப்புவதற்குமுன் செய்ய வேண்டியது இரண்டு என்று பெரிய இடங்களில் விதியே வைத்திருக்கிறார்கள். முதலில், வேறு வழியில் கேட்டுப் பார்ப்பது. விஎம்வேர் நிறுவனம் தன் விஸ்பியர் 5.0 மென்பொருளில், 2011-ல், இதைக் கொண்டுவந்தது. நெட்வொர்க் வழியே ஒரு சர்வரின் துடிப்பு நின்றுவிட்டால், பொதுவான ஸ்டோரேஜில் அது போட்டுவைக்கும் அடையாளத்தைப் போய்ப் பார்க்கும். அங்கே துடிப்பு இருந்தால் ஆள் சாகவில்லை, போன் லைன்தான் போயிருக்கிறது. இரண்டாவது, சந்தேகம் தீராவிட்டால் பழைய சர்வரின் மின்சாரத்தையே துண்டித்துவிட்டுப் பிறகு புதிதாக எழுப்புவது. வேலி போடுதல் என்று இதற்குப் பெயர். முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் செத்துவிட்டான் என்று ஊகிப்பதைவிட, இனி எழுந்துவர மாட்டான் என்று உறுதி செய்துகொள்வது கணக்குப் புத்தகத்துக்கு நல்லது.

பெட்டி பேசல

அக்காவின் கடைக்கே திரும்பிப் போவோம். கல்லூரிப் பையன் ஒருவன் 300 ரூபாய்க்கு மீன் வாங்கி க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தான். வட்டம் சுற்றியது. "பெட்டி பேசல தம்பி" என்றார் அக்கா. பணம் வந்தால் சத்தமாக அறிவிக்கும் ஸ்பீக்கர் பெட்டியைத்தான் சொல்கிறார். பையன் இன்னொரு முறை ஸ்கேன் செய்து அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் பெட்டி இரண்டு தரம் பேசியது. அக்கா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மூன்று நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

மீன்காரக்காவின் நேர்மையை நம்பி மென்பொருள் எழுத முடியாது. 'ஒரு மெஷின் புதிதாகக் கொடு' என்று கேட்டு, பதில் வராமல், மறுபடி கேட்டால் இரண்டு மெஷின் வந்து நிற்கும், இரண்டுக்கும் வாடகை ஏறும். அதற்காக அமேசானின் இசி2 சேவையில், மெஷின் கேட்கும்போதே நாம் ஒரு அடையாளச் சரத்தையும், 64 எழுத்துக்குள், சேர்த்து அனுப்பலாம். அதே சரத்தோடு பத்து தரம் கேட்டாலும் கிடைப்பது ஒரு மெஷின்தான். 'இது புதுக் கேள்வி இல்லை, பழையதைத்தான் மறுபடி கேட்கிறேன்' என்று சொல்கிற வசதி. பையன் இரண்டாம் முறை ஸ்கேன் செய்தபோது பிறந்தது புது எண், புதுப் பரிவர்த்தனை. அதனால்தான் பெட்டி இரண்டு முறை பேசியது.

யுபிஐ-யில் (கடைக்கு இல்லாமல்) ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பணம் கழிந்து எதிராளிக்குப் போய்ச் சேராமல் அந்தரத்தில் நின்றால், மறுநாளுக்குள் தானாகத் திரும்பியாக வேண்டும் என்றும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டது. பதிலில்லாத நிலைக்கு ஒரு தேதியும் ஒரு விலையும் வைத்த உத்தரவு. என் அனுபவத்தில் பல மென்பொருள்களில் இந்த இரண்டுமே கிடையாது.

ஆறு மாதக் கடிதம்

கரையிலிருந்து கொஞ்சம் நடந்தால் கெடிலம் ஆற்றோரம் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை எங்கள் எல்லை என்று சுட்டுப் பார்த்து அளந்தார்கள். கடலூரில் குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அதன் எச்சம் என்று சொல்வார்கள். 1746 செப்டம்பரில் மதராஸ் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இந்தத் தேவனாம்பட்டினம்தான்.

இங்கிருந்து லண்டனுக்கு ஒரு கேள்வி எழுதினால், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்ச் சேர ஆறு மாதம் போல ஆகும். பதில் வர மறுபடி அவ்வளவு. நடுவில் கப்பல் மூழ்கலாம், எதிரி பிடிக்கலாம். கம்பெனிக் குமாஸ்தாக்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு கப்பலில் அனுப்பினார்கள். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டார்கள். கடிதத்தின் தொடக்கத்திலேயே, இன்ன தேதியிட்ட உங்கள் கடிதம் இன்ன கப்பலில் வந்து சேர்ந்தது என்று ஒப்புகை எழுதினார்கள். இரண்டு நகலும் வந்து சேர்ந்தால் ஒரு முறைதான் நிறைவேற்ற வேண்டும் என்பது தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அடையாளச் சரமும் ஒப்புகையும் மறுமுயற்சியும் இறகுப்பேனாவில் இங்கே நடந்திருக்கின்றன.

அவ்வளவு செய்தும் அடி விழுந்தது. ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் சண்டையை முடித்துக்கொள்ளும் முன்னொப்பந்தத்தில் 1748 ஏப்ரல் 30-ல் கையெழுத்திட்டுவிட்டன. சேதி கடலில் வந்துகொண்டிருந்தது. இங்கே அட்மிரல் பாஸ்கவன் பெரும் கடற்படையோடு வந்து இறங்கி, ஆகஸ்ட்டில் புதுச்சேரியை முற்றுகையிட்டார். மழையிலும் காய்ச்சலிலும் ஆட்களை இழந்து அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டு செயின்ட் டேவிட் கோட்டைக்குத் திரும்பினார். தாய்நாட்டில் முடிந்துபோன சண்டை. எதிர்த்தரப்பில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்து இதையெல்லாம் பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், கப்பல் வந்ததும் கடிதம் வந்ததும் ஏன் அவ்வளவு பெரிய சங்கதிகளாக இருக்கின்றன என்பது அட்மின்களுக்குச் சட்டென்று புரியும்.

பழசாகிப்போன உத்தரவை நம்பிச் செயல்படுவது கடிதக் காலத்தோடு ஒழியவில்லை. 2025 அக்டோபர் 20, தீபாவளி. நம்மூரில் பகல் 12.18. அமெரிக்காவின் வர்ஜீனியா வட்டாரத்தில் அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனத்தின் டைனமோ-டிபி என்ற தரவுத்தளத்தின் முகவரி காணாமல் போனது. முகவரிகளைப் புதுப்பிக்கும் தானியங்கி நிரல்களில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமதமாகி, தன் கையிலிருந்த பழைய பட்டியலைப் புதியதன்மேல் எழுதிவிட்டது. 'இது புதுசுதானா' என்று அது சரிபார்த்தது ஆரம்பத்தில், எழுதும்போது அந்தச் சரிபார்ப்பே காலாவதி. அதே சமயம் இன்னொரு நிரல், பழைய பட்டியல்களைக் குப்பை என்று அழித்துக்கொண்டு வந்தது. முகவரி வெறுமையானது.

அந்த முகவரி 2.55 வாக்கில் திரும்பிவிட்டது. வெர்ச்சுவல் மெஷின்களின் தொல்லை அதற்குப் பிறகும் தீரவில்லை. அமேசானின் மேலாண்மை நிரல், தன் கீழுள்ள ஒவ்வொரு சர்வரோடும் ஒரு குத்தகை வைத்திருக்கும். அவ்வப்போது விசாரித்துக் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். தரவுத்தளம் இல்லாத நேரத்தில் புதுப்பிக்க முடியாமல் குத்தகைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஓடின. புதிய மெஷின் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை. தரவுத்தளம் வந்ததும் எல்லாக் குத்தகையையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப் போனார்கள். கூட்டம் அவ்வளவு என்பதால், ஒரு வேலை முடிவதற்குள் அதன் டைம்-அவுட் வந்துவிடும். உடனே அதே வேலை மறுபடி வரிசையில் போய் நிற்கும். வரிசை வளரும். வேலை மும்முரமாக நடக்கிறது, எதுவும் முடிவதில்லை. ஒரே ஒரு கவுன்ட்டர் திறந்திருக்கும் ரேஷன் கடையில், பத்து நிமிஷம் நின்றவரையெல்லாம் வரிசைக் கடைசிக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்?

மாலை 4.44-க்கு, வருகிற வேலையைக் குறைத்து, மேலாண்மை சர்வர்களைப் பொறுக்கி எடுத்து அணைத்துப் போட்டு, வரிசையைக் காலி செய்தார்கள். எல்லாக் குத்தகைகளும் நிலைபெற மாலை 5.58 ஆயிற்று. இங்கே இரண்டாம் ரவுண்டு பட்டாசுக்குப் பிள்ளைகள் தெருவுக்கு வந்திருக்கும் நேரம்.

பதில் இல்லை என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்பதுதான் இதில் விஷம். முதல் தரம் ஒரு நொடி, பிறகு இரண்டு, நாலு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதும், அதோடு கொஞ்சம் தற்செயல் தாமதம் சேர்ப்பதும் பழைய வைத்தியம். தற்செயலாகக் காத்திருந்து திரும்பக் கேட்கும் யோசனை ஹவாய்த் தீவுகளை ரேடியோவால் இணைத்த 1971-ன் அலோஹா நெட்வொர்க்கிலிருந்து வருகிறது. ஒரு தீவு பேசும்போது இன்னொரு தீவும் பேசி இரண்டும் அழிந்தால், ஆளுக்கொரு நேரம் பொறுத்துப் பேசுங்கள் என்றார்கள். இன்றைக்கும் பல நிரல்களில் திரும்பக் கேட்கும் இடைவெளி எல்லாருக்கும் ஒரே 5 நொடி என்று கெட்டியாக எழுதி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். எழுதியவரைக் கேட்டால், "அதுதான் சார் வழக்கம்" என்கிறார்.

ஏழு வருஷ டைம்-அவுட்

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு மென்பொருள் உலகில் ஆளுக்கொரு கணக்கு. லிப்விர்ட், வெர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் உள்முகவர் நிரலைக் கேட்டுவிட்டு 5 நொடி பார்க்கும். ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் உள்ளுக்குள் அனுப்பும் செய்திக்கு 60 நொடி. விஎம்வேர், ஸ்டோரேஜுக்கான எல்லா வழியும் அடைபட்டால் 140 நொடி. மாற்றிக்கொள்ளலாம் என்பதால் யாரும் மாற்றுவதில்லை.

நம் சட்டத்தின் கணக்கு 7 ஆண்டு. காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவல் இல்லை என்றால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872-ன் இந்திய சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழுதான். எனக்கு அதில் பிடித்தது வேறொரு நுணுக்கம். யாருக்குத் தகவல் இல்லை என்பதைச் சட்டம் சொல்கிறது: அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்களுக்கு. ஊரில் யாரோ பார்க்கவில்லை என்பது போதாது. மீன்காரக்காவுக்குப் போன் வரவில்லை என்பதுதான் கணக்கு. ஒரு மெஷின் செத்ததா என்று தீர்மானிக்கும் நிரலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் நான் படித்ததில்லை.

பதிலில்லாமை தீராத சிக்கல் என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட விஷயம். இரண்டு தளபதிகள், நடுவில் எதிரி, தூதன் வழியில் பிடிபடலாம். எத்தனை தூதனை அனுப்பினாலும், கடைசித் தூது சேர்ந்ததா என்ற சந்தேகம் அனுப்பியவருக்கு மிஞ்சும். 1975-ல் முதலில் எழுதப்பட்ட இந்தப் புதிருக்கு 1978-ல் 'இரு தளபதிகள்' என்று பெயர் வைத்தவர் ஜிம் கிரே. தரவுத்தளப் பரிவர்த்தனைகளுக்காக 1998-ல் டூரிங் விருது பெற்றவர். 2007 ஜனவரி 28 அன்று, தாயாரின் அஸ்தியைக் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தன் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்கள் வாங்கி, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களிடம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. 2012-ல் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது.

தேவனாம்பட்டினம் கடலிலும் இப்படி ஒன்று உண்டு, வேறு கோணத்தில். சமாதானச் சேதி வந்த பிறகும் மதராஸ் கைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், பாஸ்கவன் தன் கப்பல்களோடு இந்தக் கரையிலேயே இருந்தார். மாதங்கள் போயின. மதராஸ் 1749 ஆகஸ்ட்டில்தான் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு நாலு மாதம் முன், ஏப்ரலில் புயல் வந்தது. அவருடைய கொடிக்கப்பலான நேமூர், செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே கடலில் மூழ்கியது. 500-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அட்மிரல் அன்று கரையில் இருந்தார்.